சேலைத் துணி அடைத்த துப்பாக்கி

"துப்பாக்கி பிழைச்சுக்கும்னா நான் இங்கேயே இருப்பேன். செத்துப்போச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு உன்கூட வந்துடறேன்" என்று மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். புருஷன் வெளியூருக்குத் துறைமுக வேலைக்குப் போய் மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. கிழவரைத் தனியே விட்டுப் புருஷனிடம் போகவும் முடியாமல், இங்கேயே இருக்கவும் முடியாமல், மருமகள் இருதலைக் கொள்ளி எறும்பாக அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றியிடமிருந்து காத்த இரட்டைக் குழல் துப்பாக்கி அது. தோட்டம் போய் நாலாபுறமும் மாடி வீடுகள் வந்துவிட்டன. படியேறி எந்தப் பன்றி வரும், சொல்லுங்கள்? மாமனாரோ சாயங்காலமானால் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். துரு ஏறுகிறதே என்றால், "காவல்காரன் மூஞ்சி கழுவலைன்னா என்ன?" என்பார்.

கடைசியில் இருவரும் அதைப் பழுது பார்ப்பவரின் கடைக்கு எடுத்துப் போனார்கள். அவருக்கு ஒற்றைக்கண்ணர் என்று பெயர். கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. குழலுக்குள் பார்த்துப் பார்த்து, ஆளைப் பார்க்கும்போதும் ஒன்றை மூடிக்கொள்வார். அவர் துப்பாக்கியின் மரக் கட்டையிலிருந்து குழல்களைக் கழற்றி, கம்பியில் தொங்கவிட்டு, மரச் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது.

"ரெண்டு குழலையும் சேக்கிற ஒட்டு விட்டிருந்தா சத்தம் மந்தமா விழும். இது மணியாட்டம் பேசுதே!"

மாமனார் முகம் மலர்ந்தது. மருமகள் நெஞ்சில் கல் விழுந்தது. இனி ஆயுசுக்கும் இந்த வாசல்தான்.

ஒற்றைக்கண்ணர் ஒரு குழலுக்குள் கம்பியை விட்டார். பாதியில் முட்டியது. கிளறி இழுத்தால், கறுத்துப்போன துணி. ஓரத்தில் பச்சைக் கரை.

அவளுடைய சேலை. மழை ஈரம் உள்ளே போகக்கூடாதென்று மாமனார் தூங்கும்போது அவள்தான் எண்ணெயில் நனைத்து அடைத்தாள். ஒரு துண்டு ஆழமாய்ப் போய்ச் சிக்கிக்கொண்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"ஈரத்தை இது வெளிய நிறுத்தலம்மா, உள்ள போட்டுப் பூட்டிடுச்சு. இந்தக் குழல் முழுக்க அரிச்சிருக்கு. சுட்டா கையோட போகும். ஒண்ணு போனா ரெண்டும் போனமாதிரிதான்."

"வைத்தியம் இல்லியா?" என்றார் மாமனார்.

"உள்ள புதுக் குழாய் சொருகலாம். பாக்க அதே துப்பாக்கி, ஆனா அது இல்ல. வேணுமான்னு நீங்கதான் சொல்லணும்."

மாமனார் துணியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சேலை உன்னோடது. நீயே சொல்லும்மா."

காப்பாற்றப் போய்க் கெடுத்தது ஒன்று. இப்போது வாயாலும் கொல்ல வேண்டுமா? ஆனாலும் சொன்னாள்: "வேண்டாம் மாமா."

வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியை வாசலில் போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா! அதுதான் செத்துப்போச்சே?"

"அது நமக்குத் தெரியும். பன்னிக்குத் தெரியுமா?"

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அழுகை அதன் பின்னாலேயே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பெட்டியையும் அவருடைய சட்டைகளையும் வாசலுக்கே தூக்கி வந்தாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நீலச் சட்டையை வைக்காதே" என்றார் கடைசியில்.

"ஏன் மாமா?"

"திரும்பி வந்தா போட்டுக்க ஒண்ணு வேணாமா?"