கண்டகாய்ப் பாலத்தடிச் சிப்ஸ்

ஒரு சாப்பாட்டுக் கடைக்காக மனிதன் பொறாமைப்படுவானா என்று கேட்டால், நான் பட்டேன். வயிறு பற்றி எரிந்தது.

1976இல் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குக் காரில் புறப்படும் எந்தத் தமிழ்க் குடும்பமும் முதலில் ஹோம்புஷில் என் வீட்டுக்குத்தான் தொலைபேசி எடுக்கும். "ஜெயரட்ணம், வழியிலை எங்கை சாப்பிடலாம்?" எந்த ஊரில் தேநீர் வாயில் வைக்கலாம், எந்தக் கடையில் பன்றி இறைச்சி வெட்டிய கத்தியைக் கழுவிவிட்டுத் தக்காளி சான்ட்விச் வெட்டித் தருவார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஐந்து வருடமாக ஹியூம் நெடுஞ்சாலையில் போய் வந்து, கண்டதையும் தின்று சேர்த்த அறிவு அது. என் மனைவி ரஞ்சினி அதைத் தன் அலுவலகத்தில் தட்டச்சு செய்து, கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். "இவரைக் கேட்டால் பிழைக்காது" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இன்னும் பத்துக் கடை தேடியிருப்பேன்.

பட்டியலில் முதலாவது, வழியில் கண்டகாய் என்ற ஊரில் பாலத்தடியில் இருந்த சிப்ஸ் கடை. ரஞ்சினி வெள்ளிக்கிழமையில் சைவம். மச்சம் பொரித்த சட்டியில் செய்த எதையும் தொடமாட்டாள். அந்தக் கடையில் சிப்ஸுக்கு ஒரு சட்டி, மீனுக்கும் இறைச்சிச் சொசேஜுக்கும் வேறு சட்டி. இதை எட்டிப் பார்த்து உறுதி செய்தவன் நான். எங்கள் ஆட்கள் எல்லோரும் என் சொல்லை நம்பி வெள்ளிக்கிழமைகளில் அங்கேதான் சாப்பிட்டார்கள்.

அப்போது வந்து சேர்ந்தான் பாஸ்கர். கோயம்புத்தூர்க்காரன், எஞ்சினியர், எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் குடியிருந்தான். நாட்டுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வேலை விஷயமாக இரண்டு தரம் மெல்பேர்ண் போய் வந்தவன், ஹோல்புரூக்கில் ஒரு கிரேக்கர் கடையைக் கண்டுபிடித்துவிட்டான். அவரைக்காய் விதை மாதிரிப் பெரிய விதையைத் தக்காளியில் வேக வைத்துத் தருவார்களாம். அதைச் சொன்னவன் சும்மா சொன்னானா? ருசியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். ஒரு மாதத்துக்குள் இரண்டு குடும்பங்கள் என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டுக்கொண்டு போயின. திரும்பி வந்து என்னிடமே அந்த விதையைப் புகழ்ந்தார்கள். நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மெல்பேர்ணில் ரஞ்சினியின் தங்கை யோகா வீட்டுக்குப் புறப்பட்டோம். பாஸ்கருக்கும் அங்கே வேலை இருந்தது. எங்கள் காரிலேயே வந்தான். கண்டகாய் வந்ததும் நான் வழக்கம்போல் வேகத்தைக் குறைத்தேன்.

"இஞ்சருங்கோ, இந்த முறை பாஸ்கர் சொன்ன கடைக்குப் போவம்" என்றாள் ரஞ்சினி.

"அதுக்கு இன்னும் ஒண்டரை மணித்தியாலம் கிடக்கு. உமக்குப் பசிக்கேல்லையோ?"

"பொறுப்பன்."

பின்னால் இருந்த பாஸ்கர் பதறினான். "வேணாங்கக்கா, அண்ணன் சொல்ற இடத்துலயே சாப்பிடலாம். எனக்கு எங்கன்னாலும் ஓகே."

அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்காதது. ஐந்து வருடமாகப் பசி பொறுக்காதவள், அவன் கடைக்காகப் பொறுக்கிறாளாம். பாலத்தடிக் கடையைக் கண்ணாடியில் பார்த்தபடியே காரை விட்டேன்.

ஹோல்புரூக் கடைக்காரர் பாஸ்கரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பெயர் சொல்லித் தோளில் தட்டினார். பாலத்தடிக் கடையில் ஐந்து வருடமாக என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. விதை வந்தது, கூடவே பொரித்த உருளைக்கிழங்கும். ரஞ்சினி ஒரு வாய் வைத்தாள்.

"அம்மாடி! கொஞ்சம் உறைப்பு மட்டும் சேர்த்தால் எங்கட வீட்டுக் கறி."

நானும் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ஏதாவது குறை கிடைக்காதா என்று கடையெல்லாம் கண்ணை ஓட்டினேன். கிடைத்தது. உள்ளே கொதிக்கிற சட்டியிலிருந்து ஒரு பெண் சொசேஜ் அள்ளிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ரஞ்சினியின் விரதம் கெட்டுவிட்டதே என்று ஒரு துளிகூட நினைக்கவில்லை. பாஸ்கர் தொலைந்தான் என்றுதான் நினைத்தேன். கடை முழுக்கக் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டேன்: "இந்தக் கிழங்கையும் அந்தச் சட்டியிலா பொரித்தீர்கள்?"

ரஞ்சினியின் கை நின்றுவிட்டது.

கடைக்காரர் தலையை ஆட்டினார். "இல்லை, ஐயா. அதில் இருப்பது மாட்டுக் கொழுப்பு. எங்களுக்கு இப்போது நோன்பு. ஈஸ்டர் வரைக்கும் நானும் மனைவியும் இறைச்சி தொடமாட்டோம். மற்ற நாளிலும் எங்களுக்கென்று எண்ணெயில் தனியாகத்தான் சமைப்போம். உங்கள் நண்பர் முதல் நாளே, எதில் பொரிப்பீர்கள் என்று கேட்டார். அதனால் அவர் வந்தால் எங்கள் சாப்பாட்டிலிருந்துதான் கொடுப்பேன்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் நான் ஜெயரட்ணம் இல்லையே. "கண்டகாயில் பாலத்தடிக் கடையிலும் சிப்ஸுக்குத் தனிச் சட்டிதான்" என்றேன்.

அவர் சிரித்தார். "தனிச் சட்டிதான். இந்தக் கடையை வாங்குமுன் இரண்டு வருடம் நான் அங்கேதான் வேலை செய்தேன். காலையில் சவர்க்காரக் கட்டி மாதிரி வெள்ளைக் கொழுப்பை வெட்டி இரண்டு சட்டியிலும் போடுவது என் வேலை. இரண்டும் மாடுதான், ஐயா. இந்த ரோட்டில் அநேகமாக எல்லாக் கடையிலும் அப்படித்தான்."

சட்டியைப் பார்த்தேனே தவிர, சட்டிக்குள் என்ன என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கைப் பொரிக்க எண்ணெயைத் தவிர வேறொன்றையும் நினைக்கத் தெரியாத ஊரில் வளர்ந்தவன் நான். பாஸ்கரும் அப்படித்தான் வளர்ந்தான். ஆனால் அவன் கேட்டிருக்கிறான்.

ரஞ்சினி என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடி இருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"விடுங்கக்கா, தெரியாம நடந்தது. அண்ணன் வேணும்னேவா செஞ்சாரு?" என்றான் பாஸ்கர்.

அவன் ஏளனமாக ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குறைந்தது அவனை வெறுக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் அவன் தரவில்லை.

காரை எடுத்தேன். ஆல்பெரி நெருங்கியது. ரஞ்சினி கேட்டாள், "ஆல்பெரியிலை தேத்தண்ணி எங்கை நல்லது?"

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது. நான்தான் கண்டுபிடித்தது. சொல்ல வாயைத் திறந்துவிட்டுத்தான் கவனித்தேன், அவள் பின்பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணனைக் கேளுங்கக்கா" என்றான் பாஸ்கர். "இந்த ரோடு அவருக்குத்தான் தெரியும்."

"அவரைக் கேட்டுத்தானே தம்பி, அஞ்சு வருசம் வெள்ளிக்கிழமையிலை மாடு திண்டனான்."