அத்தானின் மேஸ்திரி

தங்கையின் தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது சீப்போடு மரத்தூள் வந்தது.

அக்கா சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழைய தூள் இல்லை. வெளிர் மஞ்சளாக, புதிதாக அறுத்த வாசனையோடு இருந்தது. தங்கை படுக்கையில் விழுந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும்.

"தலையில ஏதுடி இது?"

தங்கை கண்ணைத் திறக்கவில்லை. "நேத்து வெளிய போனேன்."

"நீயா?"

"அத்தான் தூக்கிட்டுப் போய் நாற்காலியில உக்கார வச்சாரு. கொஞ்ச நேரந்தான். ஷெட்டோட பின்பக்கச் சுவருக்குப் பலகை ஒத்து வருதான்னு பாக்கணும்னாரு."

அக்கா சீப்பில் இருந்த தூளை விரலால் வழித்துத் துணியில் துடைத்தாள். நேற்று அவள் சலவைக்கடையில் இருந்தாள். கடையின் பின்னறையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்து யார் யாருடைய கால்சட்டைகளுக்கோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து, "கஞ்சி குடிச்சாளா?" என்று கேட்டதற்கு அவள் கணவர் "ம்" என்றார். தங்கையும் "ம்" என்றாள். வேறெதையும் இரண்டு பேரும் சொல்லவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ திட்டுவேன்னு அத்தான்தான் சொல்ல வேணாம்னாரு."

காலையில் வந்த டாக்டர் வாசலில் நின்று அக்காவிடமும் கணவரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்றைக்கோ நாளைக்கோ, பக்கத்தில் ஆள் இருந்துகொண்டே இருங்கள் என்று. அக்கா உள்ளே வந்து படுக்கையருகே உட்கார்ந்தாள். கணவர் தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அப்போது தொடங்கிய சுத்தியல் சத்தம் இன்னும் நிற்கவில்லை. அந்தச் சத்தம் தாங்காமல்தான் அவள் ஜன்னலைச் சாத்தினாள். தூசி வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த ஷெட் கதை, கணவர் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு வந்த நாளிலிருந்து தொடங்கியது. இடுப்பு கெட்டுப்போய்விட்டது, இனி வண்டியில் உட்காரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். கிடங்கின் பின்வாசலில் உடைந்த பேலட்டுகள் மலைபோல் கிடக்கும். சரக்கை அடுக்கித் தூக்குவதற்கான மரத்தட்டுகள்; ஒரு பலகை போனாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சும்மா இருக்க முடியாமல் அவர் அதில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கிவந்து, கழற்றி, தோட்டச் சாமான் போட்டுவைக்க ஏதோ ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் தங்கை, புருஷன் வேண்டாம் என்று முடிவு செய்து, ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி ஒரு பெட்டியோடு வந்தாள். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே கொல்லையை எட்டிப் பார்த்து, "அத்தான், அது கோணல்" என்றாள்.

"எங்க கோணல்?"

"மொத்தமும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, வாங்க மேஸ்திரி. நீங்களே நேரா அடிங்க."

அந்த ஒரு வாரம் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது. மேஸ்திரி என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. சைக்கிள் நிறுத்த ஒரு ஷெட், கோழி அடைக்க ஒரு ஷெட், விறகு நனையாமல் இருக்க ஒரு ஷெட் என்று தெருத்தெருவாக ஆட்கள் தேடி வந்தார்கள். தங்கை பேலட்டை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தே, பூச்சிமருந்து குடித்த மரம், இது வேண்டாம் என்று ஒதுக்குவாள். ஆணி துருவேறி இறுகியிருந்தால் பலகை பிளக்காமல் நெம்ப அவளுக்குத்தான் தெரியும். தூக்குவதும் அறுப்பதும் அவர். அவர் திரும்பாமல் கையை நீட்டினால் போதும், எது வேண்டுமோ அதைக் கேட்காமலே எடுத்து வைப்பாள். ஊருக்கெல்லாம் ஷெட் எழுந்தது. வீட்டில் அக்காவின் துணிமூட்டைகள் மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. "அக்காவுக்கு ஒண்ணு கட்டணும் அத்தான்" என்று தங்கை ஒருநாள் சொன்னாள். "கட்டலாம் கட்டலாம்" என்றார் அவர். தனக்காகத் தன் கணவரிடம் தங்கை சிபாரிசு செய்கிறாளே என்று அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பாக எதுவும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஏதாவது இருந்திருந்தால் கத்துவதற்காவது ஒரு விஷயம் கிடைத்திருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள். இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட பேலட்டுகளின் மேல் உட்கார்ந்து, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்கும். வெளியே போய், "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்லக்கா, ஆணி" என்பாள் தங்கை. ஆணியில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று அக்காவுக்கு இதுவரை விளங்கியதில்லை.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்கள் சண்டை போடுவதுதான் அவளுக்குத் தாங்காது. கூரை எந்தப் பக்கம் சரிய வேண்டும், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அடித்துக்கொள்வார்கள். "உங்களுக்கு மண்டையில ஒண்ணுமே கிடையாது அத்தான்" என்பாள் தங்கை. அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். அக்காவோடு அவர் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. எதைச் சொன்னாலும், "சரிம்மா."

இப்போது தங்கையின் மூச்சு வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. அக்கா தலைமுடியை இரண்டாக வகுத்தாள். ஒரு பக்கம் பின்னி முடித்து, மறுபக்கத்தை எடுத்தபோது அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"உனக்கு அவரப் புடிக்குமாடி?"

கேட்ட பிறகு கை நின்றுவிட்டது. தங்கையின் கண் மூடியே இருந்தது. தூங்கிவிட்டாள் என்றுதான் அக்கா நினைத்தாள்.

"எனக்கு வேலை புடிச்சுதுக்கா."

சற்றுப் பொறுத்து, "அவர்கூட செய்யற வேலை" என்றாள்.

அக்கா முடியை இழுத்துப் பிடித்திருந்ததைத் தளர்த்தினாள்.

"ஜன்னலைத் திறயேன்."

"தூசி வரும்."

"வரட்டும்."

அக்கா எழவில்லை. போர்வையைச் சரிசெய்தாள். தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். தங்கை மறுபடி கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அதற்கு மேல் முடியாமல் அக்கா போய்த் திறந்தாள். சுத்தியல் சத்தம் அறைக்குள் நேராக வந்தது.

"இப்ப எந்தப் பலகை அடிக்கிறாரு?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "ஏதோ பலகை."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"கீழயிருந்தா, மேலயிருந்தா?"

"கீழயிருந்து. ஒண்ணு மேல ஒண்ணு ஏறின மாதிரி வருது."

"அப்ப சரி. மழைத்தண்ணி உள்ள போகாது."

சுத்தியல் சத்தம் மாறியது. நங்கென்று ஒன்று, பிறகு சப்பென்று ஒன்று. தங்கையின் உதட்டோரம் அசைந்தது. அது சிரிப்புதான்.

"ஆணி வளையுது. அவசரப்படறாரு. அவசரப்பட வேணாம்னு சொல்லுக்கா அவர்கிட்ட."

"சொல்றேன்."

அக்கா திரும்ப வந்து உட்கார்ந்து முடியைக் கையில் எடுத்தாள். வெளியே வளைந்த ஆணியைப் பிடுங்கும் சத்தம், பிறகு மறுபடி அடிக்கும் சத்தம். எந்த அடிக்கும் எந்த அடிக்கும் நடுவில் என்று அவளால் பின்னால் சொல்ல முடியவில்லை. தங்கையின் மூச்சு உள்ளே போனது. வெளியே வருவதற்காக அவள் காத்திருந்தாள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு வெளியே கூப்பிடுவதற்காக வாயைத் திறந்தாள்.

கூப்பிடவில்லை.

அவர் அடுத்த பலகையை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு இன்னும் தெரியாது. அந்தக் கொல்லையில் எது நடந்தாலும் முதலில் அவர்கள் இருவருக்கும் தெரியும், பிறகுதான் அவளுக்கு. இது ஒன்றுதான் அவளுக்கு மட்டும் தெரிந்தது. கூடப் பிறந்தவள் அவள். பாவாடை நாடா கட்டிவிட்டவள் அவள். காய்ச்சலில் மடியில் போட்டு ஆட்டியவள் அவள். சீப்பை எடுத்து மீதித் தலைமுடியையும் சிக்கெடுத்து நிதானமாகப் பின்னினாள். முனையில் ரப்பர் பேண்ட் போட்டாள். இரண்டு சடைகளையும் தோளின் முன்னால் எடுத்து விட்டாள். அதுவரை வெளியே ஒரு வரிசை முழுதாக அடித்து முடிந்திருந்தது.

பின்வாசலில் போய் நின்றாள். அவர் முக்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சுத்தியலைத் தாழ்த்தினார்.

"எப்ப?"

"இப்பத்தான்."

அவர் முக்காலியிலிருந்து இறங்க ரொம்ப நேரம் பிடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, பிறகு மற்றதை வைத்து. கீழே வந்தும் அவளருகே வரவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏதாவது சொன்னாளா?"

"இல்ல" என்றாள் அக்கா.

செய்தி தெரிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கோழி வளர்ப்பவர் வந்தார். ரொட்டிக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். கொல்லையில் பாதியில் நின்ற அந்த ஷெட்டுக்குச் சொல்லிவைத்திருந்த சைக்கிள் மெக்கானிக் கிரீஸ் கையைக் கழுவாமலே ஓடிவந்தார். எல்லோரும் படுத்திருந்தவளை ஒருமுறை பார்த்துவிட்டு நேராக அவரிடம்தான் போனார்கள். அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குத்தாங்க பெரிய கஷ்டம்" என்றார் கோழிக்காரர். "ஒரு கை போன மாதிரி."

"ரெண்டு பேரும் எங்க வீட்டுல வேலை செஞ்ச நாள்ல வீடே கலகலன்னு இருந்துச்சு" என்றாள் ரொட்டிக்கடைக்காரர் மனைவி. "இவங்க போடுற சண்டையக் கேக்கவே பக்கத்து வீட்டுலேருந்தெல்லாம் வருவாங்க."

அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அழவில்லை. அழுதிருந்தால் அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை. அழாததும் பொறுக்க முடியாமல்தான் இருந்தது. சைக்கிள் மெக்கானிக் அவள் பக்கம் திரும்பி, "நீங்க வீட்டுக்காரம்மாங்களா? கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?" என்றார். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். செத்தது என் தங்கை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே அடக்கம் முடிந்தது. திரும்பி வரும்போது வானம் கறுத்திருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்கா தங்கையின் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது, அவர் கொல்லையில் இருந்தார். அவசரமே இல்லை, மெதுவாகக் கட்டுங்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் கூரைத் தகரம் இன்னும் ஏறவில்லை. மழை பிடித்தால் பலகையெல்லாம் ஊறிவிடும்.

மேல் பலகையைத் தனியாக நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முனையைத் தோளால் முட்டுக்கொடுத்து, மறுமுனையில் ஆணி வைத்தால், தோள்பக்கம் நழுவியது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை அது அவர் கால்மேல் விழுந்தது. குனிந்து பலகையை எடுத்தார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். பலகையின் தாழ்ந்த முனையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, அது உட்கார வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றிய இடத்தில் வைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே தள்ளினார், அவளும் தள்ளினாள். ஆணி இறங்கியது. இன்னொரு பலகை. பிறகு இன்னொன்று. எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மரத்தூள் அவள் கழுத்தில் ஒட்டி அரித்தது.

கடைசிப் பலகை மூலையோடு சேரும் இடத்தில் அவர் நிறுத்தினார். தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடி அந்த இடுக்கைப் பார்த்தார். பார்த்தபடியே, திரும்பாமல், இடது கையைப் பின்னால் அவள் பக்கம் நீட்டினார்.

பக்கத்துப் பெஞ்சில் சின்ன ஆணிகள் ஒரு டப்பாவிலும் பெரிய ஆணிகள் ஒரு டப்பாவிலும் இருந்தன. பென்சில் இருந்தது. அளவு டேப், இடுக்கி, அரம், சீவிய மரத்துண்டுகள் இருந்தன. அக்கா பென்சிலை எடுத்தாள். கீழே வைத்தாள். இடுக்கியை எடுத்தாள்.

அவர் கண் அந்த மூலையிலேயே இருந்தது. கை நீட்டியபடியே காத்திருந்தது.