டாக்டர் சவேலா செத்துப்போன நான்கு நாட்கள்

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, தான் சாகப்போவது டாக்டர் உர்ஹோ சவேலாவுக்கு உறுதியாகத் தெரிந்துபோயிற்று. வெளியே கும்மிருட்டு. அதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. பின்லாந்தின் அந்த வடகோடி ஊரில் டிசம்பர் மாதம் சூரியன் தலைகாட்டுகிற வழக்கமே கிடையாது.

காலையில் வாசல் பனியை வாரும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு. ஊர் மருத்துவமனையின் தலைமை நர்ஸிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் தலைமை நர்ஸ் ராய்லி, அவருடைய மனைவி. சொன்னால் விஷயம் குடும்ப விஷயமாகிவிடும். அதனால் அவளை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மருத்துவமனையில் தன் அறையைப் பூட்டிக்கொண்டு, கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்து மார்பில் ஆறு இடங்களில் வட்டமாக மழித்தார். ஒட்ட வேண்டியதை ஒட்டினார், மாட்ட வேண்டியதை மாட்டினார், படுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

இ.சி.ஜி. காகிதம் வந்தது. முதல் கோடே தலைகீழாகத் தொங்கியது. மார்புக் கோடுகளோ ஒன்றைவிட ஒன்று சிறியதாகத் தேய்ந்துகொண்டே போயின. பெரிய அடைப்பு, இதயத்தில் பாதி ஏற்கெனவே போய்விட்டது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

உள்ளூர் வாரப் பத்திரிகையில் பதினான்கு வருடங்களாக மரணத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவருபவர் அவர். மரணத்தை ‘அமைதியான விருந்தாளி’ என்றும் ‘கடைசி ஆசிரியர்’ என்றும் எழுதியிருக்கிறார். அடுத்தவர் சாவைப் பற்றி எழுதுவதைப்போலச் சுகமான வேலை உலகத்தில் இல்லை. இப்போது சொந்தச் சாவைப் பற்றி எழுத உட்கார்ந்தார். ‘அன்பான வாசகர்களே’ வரைக்கும் வந்தது. அதற்குமேல் பசிதான் வந்தது.

ஓவ்லு நகரத்தில் இருக்கும் மகள் சிர்க்காவுக்குப் போன் போட்டார். “சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. முக்கியமான விஷயம்.” வேறெதுவும் சொல்லவில்லை. மாரடைப்பைப் போனில் சொல்வது மரியாதையாக இருக்காதாம்.

மகளும் மருமகன் யர்மோவும் பனியில் ஆறு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மேஜையில் சால்மன் சூப் ஆவி பறந்தது. டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“நாம எல்லாருமே இந்த உலகத்துல கொஞ்ச நாளைக்கு...”

“மாமா, அந்த உப்பக் கொஞ்சம் தள்ளுங்க” என்றான் யர்மோ.

உப்பு போனது. “ஒரு மனுஷன் போற நேரத்துல...”

“அப்பா, இது போன வாரக் கட்டுரையா, வர வாரத்துதா?” என்றாள் சிர்க்கா.

“ரெண்டுமே ஒண்ணுதான். நீ சாப்பிடு, ஆறுது” என்றாள் ராய்லி.

சாப்பிட்டு முடித்ததும் அவள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். “சவுனா சூடாயிடுச்சு, வா.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாகச் சட்டையைக் கழற்றாமலே தூங்கிச் சமாளித்திருந்தார். சவுனா என்கிற அந்த நீராவிக் குளியலறைக்குள் சட்டை ஏது? “இன்னிக்கு வேண்டாமே.”

“சனிக்கிழமை சவுனா வேண்டாம்னு சொன்ன ஒரே ஆள் எங்க பெரியப்பா. அப்ப அவரு சவப்பெட்டிக்குள்ள இருந்தாரு.”

சரி, சொல்வதை அங்கேயே சொல்லிவிடலாம் என்று கிளம்பினார். மரப் பலகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ராய்லி கொதிக்கும் கற்களின்மேல் ஒரு குவளை தண்ணீரை வீசினாள். அறை முழுக்க ஆவி.

“ராய்லி, அடுத்த வசந்தத்த நான் பாக்கமாட்டேன்.”

அவள் திரும்பினாள். கண் அவர் மார்புக்குப் போயிற்று. “இது என்ன, கரடி பிறாண்டுச்சா?”

“இ.சி.ஜி. நானே எடுத்தேன். பெரிய அடைப்பு.”

அவள் முகம் வெளுத்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் டாக்டருக்கு நான்கு நாளில் முதன்முறையாகத் தன்னை மறந்து அவளைப் பற்றிப் பயம் வந்தது. அவள் கிட்டே வந்து, மழித்த வட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள். ஆறாவதில் விரல் நின்றது.

“உர்ஹோ. உன் இதயம் எந்தப் பக்கம் இருக்கு?”

“இதென்ன கேள்வி? இடது பக்கம்.”

“இது?”

குனிந்து பார்த்தார். வலது பக்கம்.

முப்பத்தோரு வருடமாக நோயாளிகள் அவருக்கு எதிரே கிடந்தார்கள். அவர்கள் இடது பக்கம் அவருக்கு வலது கைப் பக்கம். கண்ணாடிக்குள் நின்ற ஆளையும் இன்னொரு நோயாளி என்று நினைத்து, பழகின கை பழகின பக்கத்தில் ஒட்டிவிட்டது.

“கைக் கம்பியும் மாத்தித்தான் மாட்டினியா?”

“அப்படித்தான் இருக்கும்.”

ஒரு மருத்துவ மாணவன் இதே காகிதத்தை நீட்டியிருந்தால், ‘போய் ஒழுங்கா ஒட்டிட்டு வாடா’ என்று விரட்டியிருப்பார். ராய்லி அவர் விலாவில் ஓரிடத்தில் அழுத்தினாள். அலறினார். “சதைப் பிடிப்பு. திங்கக்கிழமை நானே ஒட்டிப் பாக்குறேன். கண்ணாடி இல்லாம.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்தது. பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. கொதிக்கும் பலகையில் அறுபதை நெருங்கும் இரண்டு பேர் ஆடையில்லாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். இடையில் அவள் கண்ணைத் துடைத்தாள். அது முழுக்க வியர்வை இல்லை.

“நாலு நாளா தனியா வச்சிருந்தியா?”

“உன்னப் பயமுறுத்த வேண்டாம்னு...”

“பயமுறுத்து. பின்ன எதுக்குக் கட்டிக்கிட்டேன்?”

கதவு தட்டப்பட்டது. சிர்க்கா. “உள்ள என்ன கூத்து?”

“உங்கப்பா சாகலையாம்!”

சிர்க்கா கதவை இன்னொரு முறை தட்டினாள். “சாகப்போறார்னு யாரு சொன்னா?”

வீட்டில் ஒருவருக்கும் அவர் செத்துக்கொண்டிருந்தது தெரியவேயில்லை. டாக்டருக்கு அது சற்று வருத்தம்தான். ஆனால் வருத்தப்பட முடியாதபடி சந்தோஷம் முட்டிக்கொண்டு வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்க, சிவந்த நண்டுபோல வீட்டுக்குள் ஓடினார்.

யர்மோ காபிக் கோப்பையோடு நிமிர்ந்தான். “மாமா, ஆறு மணி நேரம் ஓட்டிட்டு வந்திருக்கோம். என்ன முக்கியமான விஷயம்?”

மரணம், இதயம், விருந்தாளி எல்லாம் வரிசையாகத் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. டாக்டர் அத்தனையையும் விழுங்கினார்.

“ஒண்ணுமில்ல. உங்களப் பாக்கணும்போல இருந்துச்சு.”

“இதப் போன்லயே சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்போமே” என்றான் யர்மோ.