உருளைக்குப் பக்கத்தில் நின்றவள்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் காலை ஏழு மணிக்கே அனல் அடிக்கும். ஈரமான படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்துக் கொடுக்க, சூடேறிய இரும்பு உருளை அதை உள்ளே இழுத்து, அந்தப் பக்கம் மொடமொடவென்று தள்ளும். உருளையின் வாயில் குறுக்காக ஒரு பட்டை உண்டு. கை தவறி உள்ளே போனால் முதலில் அதில்தான் இடிக்கும். இடித்த கணமே உருளை நின்றுவிட வேண்டும். இரண்டு மாதமாக அது மூன்று தடவை இடித்தால் ஒரு தடவைதான் நின்றது.

அந்த உருளையில் பதினோரு வருடமாக விரிப்புக் கொடுப்பவளைக் கூடத்தில் எல்லோரும் துப்பு அக்கா என்பார்கள். யார் யாரோடு பேசினார்கள், எந்தக் கதவு எவ்வளவு நேரம் சாத்தியிருந்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டுக்காரர், அவள் சொல்லாமலேயே பாத்திரம் கழுவி வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு அவர் சட்டைப்பையைத் துழாவாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

பட்டையைப் பழுதுபார்க்கச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். பட்டை சரியாகவில்லை. அடுத்த வாரமே, புதன்கிழமைதோறும் மனஅமைதிப் பயிற்சி என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். துப்பு அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

பயிற்சியாளர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பழைய கிரேக்க நாட்டில் பிறந்த ஸ்டோயிக் தத்துவம் என்று ஒன்று உண்டாம். அடிமையாக இருந்தவரும் அதைப் பின்பற்றினாராம், அரசராக இருந்தவரும் பின்பற்றினாராம்.

"எது நம்ம கையில இருக்கு, எது இல்லன்னு மொதல்ல பிரிச்சுப் பாருங்க. மழை நம்ம கையில இல்ல. மத்தவங்க வாய் நம்ம கையில இல்ல. நாம என்ன செய்யறோம்ங்கறது நம்ம கையில இருக்கு. அதை ஒழுங்கா செஞ்சா மனசு ஆடாது."

கதவில் சாய்ந்து நின்ற மேலாளர், பட்டை விஷயமும் அப்படித்தான், அது மேலிடத்தின் கையில் இருக்கிறது, பதறி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று கூடவே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். வாயை அடைக்கத்தான் இந்த வகுப்பு என்று துப்பு அக்கா முடிவுகட்டினாள். அந்த மட்டில் அவள் கணக்குத் தப்பவில்லை.

தப்பியது வேறிடத்தில். உருளையின் மறுமுனையைப் பிடிப்பவள் எட்டு மாதத்துக்கு முன் சேர்ந்தவள். எதற்கும் குரல் உயராது, அதனால் பனிக்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் பேசியதைக் கண்கொட்டாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதன்பிறகு அவள் போக்கே மாறியது. தினம் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கடிகாரத்தைப் பார்த்துக் குட்டி நோட்டில் ஏதோ எழுதினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மேலாளர் அறைக்குள் போய் வந்தாள். போதாக்குறைக்கு, நான் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்று இடம் மாறிக்கொண்டாள். அது மேலாளர் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிர்ப் பக்கம்.

"நம்ம பேசறது எல்லாம் நோட்டுல ஏறி உள்ள போகுது" என்று துப்பு அக்கா சாப்பாட்டு மேசையில் காதோடு காதாகச் சொன்னாள். ஒரே வாரத்தில் பனிக்கட்டி வந்து உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. அவள் தனியாகச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி, வேலைக்குத் திரும்பினாள். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் வாய் திறக்கவில்லை என்று துப்பு அக்கா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

ஆறாவது புதன்கிழமை, வகுப்புக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, நைந்துபோன விரிப்பு ஒன்றின் ஓரம் பிரிந்து துப்பு அக்காவின் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. உருளை விரிப்போடு அவள் கையையும் இழுத்தது. கை பட்டையில் இடித்தது. உருளை நிற்கவில்லை. மறுகையால் விரிப்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்; வரவில்லை.

திடீரென்று உருளை நின்றது. விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பனிக்கட்டியின் கை, உருளையை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சின் மேல் இருந்தது. அந்தச் சுவிட்ச் இருந்தது அவள் கேட்டு வாங்கிய பக்கத்தில்.

மேலாளர் ஓடிவந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், வார்டுகளுக்கு விரிப்புப் போகவேண்டும், ஓட்டுங்கள் என்றார்.

"சின்ன உருளையில ஓட்டறோம் சார். நேரமாகும், ஆனா வார்டுக்குப் போயிடும். பட்டை சரியாகாம இதை நான் ஓட்ட மாட்டேன்" என்றாள் பனிக்கட்டி. குரல் அப்போதும் உயரவில்லை.

அதற்குள் பயிற்சியாளர் வந்துவிட்டார். இவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்று மேலாளர் அவரைக் கூப்பிட்டார். அவர் பட்டையைத் தட்டிப் பார்த்தார். பனிக்கட்டி நீட்டிய நோட்டைப் புரட்டினார். முப்பது நாள் காலைக் குறிப்பு. 'மூன்று முறை தட்டினேன். ஒரு முறை நின்றது.' 'மூன்று முறை தட்டினேன். நிற்கவில்லை.' ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்குக் கீழேயும், பார்த்தேன் என்று மேலாளரின் கையெழுத்து.

"நான் சொன்னதை இவங்க ஒருத்தர்தான் சரியாப் புரிஞ்சிருக்காங்க சார்" என்றார் பயிற்சியாளர். அடுத்த புதன்கிழமையிலிருந்து அவரைக் கூப்பிடவில்லை.

துப்பு அக்கா அந்த நோட்டை வாங்கி, கடைசிக் குறிப்புக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு மற்றவர்கள் போட்டார்கள். நோட்டு மேலிடத்துக்குப் போனது. நான்காம் நாள் மெக்கானிக் வந்து பட்டையை மாற்றினார். பனிக்கட்டியை விரிப்பு மடிக்கும் பகுதிக்கு, மாலை வேலைக்கு மாற்றினார்கள். அது பரிசல்ல, தண்டனை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

துப்பு அக்கா அவளைத் தேடிப்போனாள். தான் பரப்பியதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "உனக்குக் கோவமே வரலியா?"

"வந்துச்சுக்கா. வீட்டுக்குப் போய் அழுதேன். ஆனா நீங்க என்னை என்ன நினைக்கறீங்கங்கறது என் கையில இல்லையே. தினம் பட்டையைத் தட்டிப் பாக்கறது என் கையில இருந்துச்சு. அதை விடாம செஞ்சேன். அதனால ராத்திரி தூக்கம் வந்துச்சு."

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உருளை வேலையைச் சொல்லிக்கொடுப்பது துப்பு அக்காதான். சந்தேகப்படும் குணம் அவளை விட்டுப் போகவில்லை. "அமைதியா இருன்னு மேல இருந்து யாராவது சொன்னா, எதுக்குச் சொல்றாங்கன்னு கேளு" என்று ஆரம்பிப்பாள். "ஆனா பக்கத்துல நின்னு வேலை செய்யறவளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி, அவகிட்டயே போய்க் கேட்டுடு. நான் கேக்கல. அவ இல்லன்னா எனக்கு இந்தக் கை இல்ல. இன்னொண்ணும் கேட்டுக்கோ. நம்மால ஆகாததுக்குப் பதறாம இருக்கறதுதான் அமைதி. நம்மால ஆகறதைச் செய்யாம இருந்துட்டு, அதுக்கு அமைதின்னு பேரு வைக்கக் கூடாது."