கழுகுக்கண்ணியின் பரீட்சை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் கழுகுக்கண்ணி என்று பெயர். ஒரு தையல் தப்பியிருந்தால் போதும், எட்ட நின்றே பிடித்துவிடுவாள். அதெல்லாம் பழைய கதை. பத்து மாதமாக வெள்ளைத் துணியும் வெள்ளை நூலும் ஒன்றாகக் கலங்கித் தெரிகின்றன. சட்டையைத் தள்ளிப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்துச் சமாளிக்கிறாள். கண்ணாடி வாங்கினால் தீர்ந்தது என்கிறீர்களா? புருஷன் வேன் ஓட்டுகிறான், இவள் சட்டை பார்க்கிறாள், இரண்டு பேரும் காய்ச்சல் வந்தால்கூட லீவு போடுவதில்லை. வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போகின்றன. கண்ணாடிக்கு முறை வந்தபாடில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியே கண் பரிசோதனை வைக்கும். தேறாதவர்களுக்கு இலவசக் கண்ணாடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! போன வருடம் ஒருத்திக்குக் கண்ணாடியைக் கொடுத்த கையோடு, தையல் பார்க்கும் செக்கிங் மேசையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாவம், இப்போது குறைந்த சம்பளத்தில் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். அந்தச் சம்பளத்தில் இவளுக்கு வாடகைகூடத் தேறாது.

டாக்டர் காட்டும் அட்டையில் சீப்பு மாதிரி ஒரே எழுத்துதான், வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். பரிசோதனை அறையைப் பெருக்கும் தோழி காலையிலேயே அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தாடி, மனப்பாடம் பண்ணிக்கோ. மாட்டுனா, என் பேரை இழுக்காத."

மதியத்துக்குள் தலைகீழ்ப் பாடம். டாக்டர் அட்டையைக் கையில் கொடுத்ததுதான் தாமதம், கடகடவென்று ஆரம்பித்தாள். "மேல, வலது, கீழ, கீழ, இடது..." மூச்சு விடாமல் கடைசி வரி வரைக்கும் போனாள்.

"நான் இன்னும் எந்த வரின்னு காட்டவே இல்லையேம்மா," என்றார் டாக்டர்.

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்மையச் சொல்லும்மா. கண்ணாடி தர்றேன். யாருக்குப் பயப்படுற?"

ஒரு நொடி சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. அட்டைப்பெட்டி ஞாபகம் வந்து வாயை அடைத்தது.

"எல்லாம் நல்லாத் தெரியுது சார்."

பெருமூச்சு விட்டு, கண் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்பாடா என்று மேசைக்குத் திரும்பினாள். மேசை தப்பித்தது, வீடு தப்பித்தது என்று மனசு குதித்தது.

சாயங்காலம் சூப்பர்வைசரம்மா ஒரு கட்டுத் துணியோடு நேரே அவளிடம் வந்தாள்.

"கழுகுக்கண்ணி, கடைசி வரி வரைக்கும் படிச்சது நீ ஒருத்திதானாம்! புது ஆர்டர் வந்திருக்கு. கறுப்புத் துணி, கறுப்பு நூல். வேற யாரு கண்ணுக்கும் தையல் பிடிபடல. இனிமே இது உன் வேலை. எங்க, முதல் சட்டையைப் பாத்துச் சொல்லு."

பக்கத்து மேசைக்காரிகள் கைதட்டினார்கள். அவள் சட்டையை விளக்கடியில் விரித்தாள். தள்ளிப் பிடித்தாள், கிட்டக் கொண்டுவந்தாள். எங்கும் ஒரே கறுப்பு. தடவிப் பார்க்கலாமென்றால் அத்தனை பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கு மேடம்," என்றாள்.