பூட்டு கழன்றவர்

அந்தத் தெருவில் கண்ணாடிக்கடைக்காரரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். மூக்குக்கண்ணாடியின் கம்பியைக் காதுக்குப் பின்னால் வளைத்துப் பொருத்தும்போது, "உறுத்துதா? இப்போ உறுத்துதா?" என்று குழந்தையைக் கேட்பதுபோலக் கேட்பார். கடையின் பின்பக்கம், பலகைத் தடுப்புக்கு அந்தப் புறம் உட்கார்ந்து, சுழலும் கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பவள் அவர் மனைவி. எல்லோருக்கும் அவள் அக்கா.

கல்யாணமான புதிதில் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் அவர் அவளை அடிப்பார். லென்ஸில் சில்லு பெயர்ந்தால் அடி. சாப்பாடு ஆறியிருந்தால் அடி. காரணம் அகப்படாத நாளில், மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று அடி. யாராவது படியேறும் சத்தம் கேட்டால் சட்டையை நீவி விட்டுக்கொண்டு முன்னால் போய், "வாங்க, உட்காருங்க" என்பார். குரலில் துளிப் பிசிறு இருக்காது. மகள் கொஞ்சம் வளர்ந்து, ஒரு நாள் தடுப்போரம் நின்று பார்த்துவிட்ட பிறகு அடி நின்றது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மழை விட்டதுபோல விட்டது, அவ்வளவுதான். அதிலிருந்து மகள் அப்பாவிடம் அளந்துதான் பேசுவாள்.

அறுபதைத் தாண்டிய பிறகு அவருக்குப் புது வினை வந்தது. தூக்கத்தில் கத்துவார், காலை உதறுவார். ஒரு விடியற்காலையில் அவர் முஷ்டி அக்காவின் கண்ணில் இறங்கியது. கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்ததைப் பார்த்துக் கடைக்காரர் பதறிப்போனார். நடிப்பில்லை, உண்மையாகவே பதறினார்.

"கனவுல ஒருத்தன் உன் மேல பாய்ஞ்சான். உன்னைக் காப்பாத்தத்தான் அவனைக் குத்தினேன்" என்றார். கடைக்கு வந்தவர்களிடமும் அவரே சொல்லிக் கண் கலங்கினார். வந்தவர்கள் அவருக்குத்தான் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கனவில்கூட இவர்தான் நல்லவர் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

அந்தக் காலத்து வீக்கங்களுக்குக் கதவில் இடித்துக்கொண்டேன், வழுக்கி விழுந்தேன் என்று அவளே கதை கட்டியிருக்கிறாள். அதற்கெல்லாம் ஒரு களிம்பு வாங்கித் தர ஆளில்லை. இந்த அடிக்கு மட்டும் மகள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்து, இருவரையும் தூக்க மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கடைக்காரரின் தலையிலும் தாடையிலும் காலிலும் கம்பிகளை ஒட்டித் தூங்கவைத்துச் சோதனை செய்தார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் அம்மாள் மூவரையும் எதிரே உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"கனவு காணும்போது மூளை முழிச்சிருக்கிற மாதிரியே வேலை செய்யும். உடம்பு மட்டும் அசையாது. மூளைத்தண்டுல இருக்கிற நரம்புகள் கை காலைப் பூட்டி வெச்சிடும். அதனாலதான் கனவுல ஓடினாலும் கட்டில்லயே கிடக்கிறோம். சாருக்கு அந்தப் பூட்டு கழண்டுடுச்சு. கனவுல செய்யறதைக் கையும் செய்யுது."

"வேணும்னு செய்யலையே டாக்டர்?" என்றாள் மகள்.

"இல்லவே இல்ல. இந்த நோய் இருக்கிற பலபேர் பகல்ல ரொம்ப சாதுவா இருப்பாங்க. கனவுதான் சண்டையும் துரத்தலுமா வரும்."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சிலருக்குச் சில வருஷங்கள் கழித்து நடுக்கமும் இறுக்கமும் வரலாம், அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். மாத்திரை எழுதினார். குணம் தெரிகிறவரை தனித்தனியாகப் படுக்கச் சொன்னார்.

அக்காவின் மனம் அந்தப் பூட்டிலேயே நின்றது. அடி வாங்கிய காலத்தில் அவளுக்கும் கனவு வரும். கனவில் அவரைப் புரட்டிப் புரட்டி அடிப்பாள். விழித்துப் பார்த்தால் இரண்டு கைகளும் போர்வைக்குள் பூனைக்குட்டிபோலக் கிடக்கும். அவளுடைய பூட்டு அவ்வளவு உறுதி.

வெளியே வண்டிக்குக் காத்திருக்கும்போது மகள் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ நடந்ததும் இதனாலதான் இருக்குமோ? அப்பவே நோய் இருந்து, நமக்குத் தெரியாம போயிடுச்சோ?"

அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. அப்பாவை வெறுத்து வெறுத்துக் களைத்துப்போன முகம்.

கடைக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "இருக்கும்மா. மூளையில கோளாறுன்னா எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

அக்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "என்னை அடிச்சது பட்டப்பகல்ல. கடை திறந்து கிடந்தது. ஆள் வந்தா நிறுத்திட்டு, அவங்க போன பிறகு மறுபடி ஆரம்பிச்சீங்க. நோய் ஆள் பார்த்து நிக்குமா?"

மகள்தான் குறுக்கிட்டாள். "அப்பா நோயாளிம்மா. இப்போ எதுக்குப் பழசைக் கிளறுறே?"

"கிளறினது நீ."

மகள் வண்டியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் அவரை போனில் கூப்பிட்டு, மாத்திரை போட்டாயா, தூங்கினாயா என்று விசாரித்தாள். அக்காவுக்கு இருந்த ஒரே சாட்சியும் கட்சி மாறிவிட்டது.

மாத்திரைக்கு நோய் கேட்டது. கத்தலும் உதறலும் அடங்கின. மகளின் பழைய அறைக்குப் படுக்கப் போன அக்கா திரும்பி வரவில்லை.

"இப்போதான் சரியாயிடுச்சே, இங்க வந்து படேன்" என்றார் அவர்.

"எனக்கு அங்கதான் தூக்கம் வருது."

"நாலு பேர் என்ன பேசுவாங்க?"

நாலு பேரும் பேசத்தான் செய்தார்கள். நோயில் விழுந்த தங்கமான மனுஷனைத் தனியே போட்டுவிட்ட கல்நெஞ்சக்காரி என்றார்கள். கொஞ்சம் அனுசரித்துப் போகக்கூடாதா என்று மகளும் கேட்டாள். அக்கா கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கினாள்.

மருத்துவர் சொன்னதுபோலவே சில வருஷங்களில் கடைக்காரரின் கை நடுங்கத் தொடங்கியது. கண்ணாடியின் சின்னத் திருகாணி விரலில் நிற்கவில்லை. கடையின் முன்பக்கத்தையும் அக்காவே பார்த்துக்கொண்டாள். காலையில் அவருக்குச் சட்டை போட்டுவிடுவதும் அவள்தான். அப்படி ஒரு நாள் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ நான் உன்னை அடிச்சதும்... நோயாத்தானே இருக்கும்? நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

அக்கா கழுத்துப் பொத்தான் வரை மாட்டி முடித்து, ஒரு கையின் மணிக்கட்டுப் பொத்தானையும் போட்டாள்.

"அந்தக் கையை நீட்டுங்க" என்றாள்.