ஊசி போட்ட கை

எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லின் மீது ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தையற்கார அக்கா, தங்கைக்கு உடுத்திவிட வேண்டிய கவுனின் பக்கத் தையலை பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் இளைக்கவில்லை. பழைய அளவு ஏறவில்லை. இடது கால் தலையணை கணக்காக வீங்கிக் கிடந்தது. மாசமாக இருப்பவளுக்குக் கால் வீங்காதா என்று வீடே சும்மா இருந்துவிட்டது. அங்கே கட்டிய ரத்தம்தான் பிரசவம் முடிந்து வீடு திரும்பியபின் நுரையீரலில் போய் அடைத்து அவள் உயிரை எடுத்தது.

குழந்தைப்பேறு சிகிச்சையில் தரித்த கர்ப்பத்தில் ரத்தம் உறைகிற வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லி, அதைத் தடுக்க தினமும் வயிற்றில் போட ஊசி எழுதியிருந்தார். போட்டவள் அக்கா. தங்கைக்கு வயிற்றில் குத்தினால் இவளுக்கு வயிறெரிந்தது. தங்கையின் முட்டைகள் சரியில்லை என்றதும் தன்னுடையதைக் கொடுத்தவள் அவள். கர்ப்பப்பையை எடுத்திருக்காவிட்டால் தானே சுமந்திருப்பாள். ஆனால் கால் அமுக்கிவிட ஆளும், தாங்கிப் பிடிக்க ஆளும் தங்கைக்குத்தான் இருந்தார்கள். முட்டை விஷயம் தங்கையையும் அவள் புருஷனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அத்தை தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "மூக்கப் பாரு. ஆத்தாக்காரி அப்படியே உரிச்சு வச்சுட்டுப் போயிருக்கா."

"பொறந்த புள்ளைக்கு ஏது மூக்கு அத்தை? ரெண்டு ஓட்டைதான்."

செத்தும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்றிருந்தது அக்காவுக்கு. பிளேடு நழுவி விரலைக் கீறியது. வாயில் வைப்பதற்குள் ரத்தம் நின்றுவிட்டது.

தங்கை புருஷன் பால் புட்டியோடு வந்தார். "அண்ணி, குழந்தைய எங்க அக்கா கொண்டுபோயி வளக்கறேங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"யாரு புள்ளைன்னு அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது?"

அவர் புட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "அண்ணி, அதுல ஒரு விஷயம்..."

"என்ன?"

அவர் மனைவியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை போர்வையை இழுத்து அதை மூடினாள்.

"பால் ஆறுது. நீங்களே குடுங்க. இங்கயே இருக்கட்டும்" என்று அவர் புட்டியை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா குழந்தையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "அம்மாகிட்ட வந்துட்டியா" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

சிகிச்சையன்று டாக்டர் தங்கைக்குள் வைத்தது அவளுடைய சொந்த முட்டையில் உருவான கடைசிக் கரு. அக்கா கொடுத்த முட்டை இன்றும் மருத்துவமனையின் உறைபெட்டியில் தொடாமல் இருக்கிறது.